யார் கேட்கிறார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

‘5 கிலோகிராம் இரும்புக் குண்டு ஒன்றின் நிறை எவ்வளவு?’ மதுரையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவிக்கு இது ஒரு கேள்வியே இல்லை. விடை கேள்வியிலேயே இருக்கிறது: 5 கிலோகிராம். யாழ்ப்பாணத்து மாணவியோ 5-ஐ 9.8-ஆல் பெருக்கி 49 நியூட்டன் என்று எழுதுவாள். இருவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவுக்குப் பெயர் நிறை. அதைப் புவி இழுக்கும் விசைக்குப் பெயர் எடை. இலங்கைப் பாடநூலில் முன்னது திணிவு, பின்னது நிறை. இங்கே வேகம், திசைவேகம் என்று படிப்பதை அங்கே கதி, வேகம் என்று படிக்கிறார்கள்.

இணையத்தில் கிடைத்த இரண்டு நாட்டுத் தமிழையும் சேர்த்துப் படித்து உருவானவை இன்றைய சாட்பாட்கள். கேட்பது யார் என்று தெரியாதவரை இந்தக் கேள்விக்கு அவற்றால் விடையை ஊகிக்கத்தான் முடியும். சில நேரம் முதல் பத்தியில் திணிவு என்று தொடங்கி, மூன்றாம் பத்தியில் நிறைக்கு மாறிவிடும். தேர்வுக்கு முந்தைய இரவு அதைப் படிக்கிற பிள்ளைக்கு இயற்பியலே குழம்பிப்போகும்.

சாட்பாட்டை நமக்கேற்ப மாற்றிக்கொள்வது என்றதும் பலர் மேற்பூச்சு வேலையைத்தான் நினைக்கிறார்கள். நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பது, குரலை மாற்றுவது, பதிலில் பொம்மை முகங்கள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது. அதெல்லாம் இருக்கட்டும். கேட்பவர் யார் என்பது கேள்வியின் ஒரு பகுதி. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். மீதிப் பாதியைச் சொல்லும் வழிகளையும், சொல்லும்போது அந்த இயந்திரத்துக்குள் நடப்பதையும் பார்ப்போம்.

இந்த எண்ணம் புதிதல்ல. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் எலைசா என்ற உரையாடும் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். மனநல மருத்துவர் போல் பேசிய எலைசாவிடம் மக்கள் மனம்விட்டுப் பேசினார்கள் என்பதும், தானும் நிரலும் தனியாகப் பேசவேண்டும் என்று அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். நமக்கு முக்கியமானது வேறொன்று. எலைசாவின் நிரல் தனி, அது எப்படிப் பேசவேண்டும் என்ற விதிகள் அடங்கிய வசன ஏடு தனி. நிரலில் கை வைக்காமல் ஏட்டை மட்டும் மாற்றினால் எலைசா வேறோர் ஆளாகிவிடும். வெல்ஷ், ஜெர்மன் மொழிகளிலும் ஏடுகள் அப்போதே எழுதப்பட்டிருந்தன.

1979-இல் எலெய்ன் ரிச் என்ற கணினி அறிவியலாளர் இன்னொரு பாதியைச் சேர்த்தார். அவருடைய கிரண்டி என்ற நிரல் ஒரு நூலகர். வருபவரிடம் தன்னைப் பற்றிச் சில சொற்கள் சொல்லச் சொல்லும். அந்தச் சொற்களை வைத்து இவர் இன்ன வகை வாசகராக இருக்கலாம் என்று ஊகித்து ஒரு நாவலைப் பரிந்துரைக்கும். பிடிக்கவில்லை என்றால் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும். எப்படிப் பேசவேண்டும் என்ற ஏடு, யாரிடம் பேசுகிறோம் என்ற குறிப்பு: இன்று உங்கள் கைபேசியில் இருக்கும் சாட்பாட்டின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் இவை இரண்டும்தான் பெட்டிகளாக இருக்கின்றன. சாட்ஜிபிடி 2023 ஜூலையில் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது இரண்டு பெட்டிகள் வைத்தது. ஒன்றில் உங்களைப் பற்றி, மற்றொன்றில் பதில் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி. கிளாட், ஜெமினி போன்றவையும் வேறு வேறு பெயர்களில் இதே வசதியைத் தருகின்றன.

அந்தப் பெட்டியில் எழுதிச் சேமித்தால் என்ன நடக்கிறது? இங்கேதான் பெரும்பாலானோருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. சாட்பாட் நம்மைப் பற்றிக் கற்றுக்கொள்கிறது, பழகப் பழக நம் குணத்துக்கு மாறுகிறது என்று நினைக்கிறார்கள். நீங்கள் எழுதிச் சேமித்த அந்தக் கணத்தில், சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரிக்குள் ஓர் எண்கூட மாறுவதில்லை.

மொழி மாதிரி என்பது கோடிக்கணக்கான எண்களின் தொகுப்பு. 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 மாதிரியில் அப்படி 17,500 கோடி எண்கள் இருந்தன. இவற்றுக்கு அளவுருக்கள் என்று பெயர். பயிற்சியின்போது மட்டுமே இவை மாறும். பயிற்சி முடிந்தபின், உங்களோடும் என்னோடும் வேறு பல லட்சம் பேரோடும் பேசுவது அதே எண்தொகுப்புதான். ஒரு பதிலை முடித்த மறுகணம் அதற்கு உங்களைப் பற்றிய எந்த நினைவும் கிடையாது. அடுத்த முறை நீங்கள் கேள்வி கேட்கும்போது, நீங்கள் பெட்டியில் எழுதிவைத்த குறிப்பை உங்கள் கேள்விக்கு முன்னால் ஒட்டி, மொத்தத்தையும் ஒரே எழுத்துத் தொடராக மாதிரியிடம் கொடுக்கிறார்கள். அதே உரையாடலில் முன்பு பேசியவையும் அதில் சேர்ந்து போகும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர்தான் இருப்பார். நீங்கள் நீட்டும் ஓ.பி. நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் உங்களுக்குச் சர்க்கரை உண்டு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துகொள்வார். சாட்பாட்டின் நிலையும் அதுதான். நோட்டில் இல்லாதது அதற்குத் தெரியாது. நோட்டில் தவறாக இருந்தால் சிகிச்சையும் தவறும்.

எண்கள் மாறாமலே வெறும் முன்குறிப்பால் பதில் ஏன் மாறுகிறது? மொழி மாதிரி செய்யும் வேலை ஒன்றே ஒன்று: இதுவரை உள்ள எழுத்துத் தொடரைப் பார்த்து, அடுத்த துண்டு எதுவாக இருக்கலாம் என்று கணிப்பது. ஒவ்வொரு துண்டையும் கணிக்கும்போது அது முன்னால் உள்ள எல்லாத் துண்டுகளையும் எடைபோடுகிறது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பின் உயிர்நாடி இந்தக் கவனப் பகிர்வுதான். முன்குறிப்பில் ‘தமிழ்நாட்டுப் பாடநூல்’ என்றும் ‘எடை’ என்றும் இருந்தால், ‘புவி இழுக்கும் விசை’ என்ற இடத்துக்கு வரும்போது ‘எடை’ என்ற துண்டின் வாய்ப்பு கூடிவிடுகிறது, ‘நிறை’ பின்வாங்குகிறது. ஜிபிடி-3 பற்றிய ஆய்வுக் கட்டுரை உலகுக்கு அறிவித்ததே இதைத்தான்: சில எடுத்துக்காட்டுகளை முன்னால் வைத்தாலே போதும், மறுபயிற்சி இல்லாமலே மாதிரி அந்த வேலையைப் பிடித்துக்கொள்கிறது.

குறிப்பே எழுதாவிட்டால்? அப்போதும் சாட்பாட் ஒருவகையில் யாருக்கோ ஏற்ப அமைந்ததுதான். 2022-இல் ஓபன்ஏஐ நிறுவனம் இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி என்ற மாதிரியை எப்படிப் பழக்கியது என்று விரிவாக வெளியிட்டது. ஏறத்தாழ 40 ஒப்பந்தப் பணியாளர்கள் மாதிரியின் பல பதில்களைப் பார்த்து, எது நன்று எது சுமார் என்று வரிசைப்படுத்தினார்கள். அந்தத் தீர்ப்புகளைக் கொண்டு மாதிரி மீண்டும் பயிற்றுவிக்கப்பட்டது. விளைவு வியப்பானது: 130 கோடி அளவுருக்களே கொண்ட அந்தச் சிறிய மாதிரியின் பதில்களை, அதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிய ஜிபிடி-3-இன் பதில்களைவிட மக்கள் விரும்பினார்கள். இன்றைய சாட்பாட்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. முன்னுரை சொல்லி, எண்ணிட்ட பட்டியல் போட்டு, முடிவில் ‘மேலும் உதவி வேண்டுமா’ என்று கேட்கிற அந்தப் பழக்கம் பயிற்சியில் மதிப்பெண் போட்டவர்களின் விருப்பத்திலிருந்து படிந்தது. அவர்கள் உங்கள் ஊரில் இல்லை, உங்கள் பாடநூலைப் பார்த்ததில்லை. எனவே குறிப்பு எழுதுவதை ஆடம்பரமாக நான் நினைக்கவில்லை. வேறொருவர் விருப்பத்துக்குத் தைத்த சட்டையை நம் அளவுக்குப் பிரித்துத் தைக்கும் உரிமை அது.

இனி எழுதும் வேலைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழி அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘எளிய தமிழில், சுருக்கமாக, மாணவர்களுக்குப் புரியும்படி பதில் சொல்.’ இதில் தவறு எதுவும் இல்லை, பயன்தான் குறைவு. எளிய என்றால் யாருக்கு எளிய? சுருக்கம் என்றால் இரண்டு வரியா, இரண்டு பக்கமா? பெயரடைகளை மட்டும் கொடுத்தால் மாதிரி தன் சராசரிக்கே திரும்பிப் போய்விடும். அவர் இப்படி எழுதலாம்:

“நான் தமிழ்நாடு அரசுப் பள்ளியில் 9, 10 ஆம் வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் அறிவியல் நடத்துகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலின் கலைச்சொற்களையே பயன்படுத்து: நிறை (அலகு கிலோகிராம்), எடை (அலகு நியூட்டன்), வேகம், திசைவேகம், முடுக்கம், எதிரொளிப்பு, ஒளிவிலகல். இந்தப் பட்டியலில் இல்லாத கலைச்சொல் தேவைப்பட்டால் நீயாகச் சொல் உருவாக்காதே. பொருளை ஒரு வரியில் விளக்கிவிட்டு, ‘பாடநூலில் சரிபார்க்கவும்’ என்று குறிப்பிடு. கணக்கு என்றால் கொடுக்கப்பட்டவை, வாய்ப்பாடு, பிரதியிடல், விடை, அலகு என்ற வரிசையில் செய். விளக்கம் கேட்டால் 150 சொற்களுக்குள், பத்தியாக எழுது, பட்டியல் வேண்டாம். நான் சொன்னதில் பிழை இருந்தால் முதல் வரியிலேயே சொல்.”

இந்தக் குறிப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்கிறது. அலகுகளை அடைப்புக்குள் எழுதியதைக் கவனியுங்கள். ‘நிறை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த நிறை என்ற குழப்பம் அப்படியே இருந்திருக்கும். கிலோகிராம் என்ற ஒரு சொல் அதைத் தீர்த்துவிடுகிறது. ‘நீயாகச் சொல் உருவாக்காதே’ என்று தடுத்ததோடு நிற்காமல், அதற்குப் பதில் என்ன செய்யவேண்டும் என்றும் அவர் சொல்கிறார். வெறும் தடையைவிட மாற்று வழியோடு கூடிய தடை மாதிரிகளிடம் நன்றாக எடுபடுகிறது. 150 என்ற எண், சுருக்கம் என்ற சொல்லைவிடத் தெளிவானது. அவருடைய கடைசி வரியின் அருமையைப் பின்னால் சொல்கிறேன்.

இதோடு தான் வகுப்புக்கு எழுதிய விளக்கம் ஒன்றிரண்டை அவர் எடுத்துக்காட்டாக ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது. தமிழுக்கு இது கூடுதலாகத் தேவை. பயிற்சிக்குக் கிடைத்த எழுத்தில் ஆங்கிலமே மிகுதி என்பதால், சாட்பாட் எழுதும் தமிழ் பல நேரம் ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துக் கோத்ததுபோல் இருக்கும். ‘இயல்பான தமிழில் எழுது’ என்று பத்து முறை சொல்வதைவிட, இயல்பான தமிழில் உள்ள இரண்டு பத்திகளைக் காட்டுவது வேகமாக வேலை செய்யும். கணிப்பு இயந்திரம் தன் முன்னால் இருக்கும் நடையைத் தொடரத்தான் முயலும்.

இடக்கணக்கும் ஒன்று உண்டு. சாட்ஜிபிடியின் பெட்டிகள் அறிமுகமானபோது ஒவ்வொன்றும் 1,500 எழுத்துக்குறிகளை ஏற்றன. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே பெட்டி நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும். மாதிரிக்குள் போகும்போது டோக்கன் என்ற துண்டுகளாக எழுத்து வெட்டப்படுகிறது. அங்கேயும் தமிழ் நெடுநாள் அதிக விலை கொடுத்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓபன்ஏஐ ஒரே செய்தியைப் பல மொழிகளில் வெட்டிக் காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. நான்கு மடங்குக்கு மேல் இருந்த சுமை ஒன்றரை மடங்காகக் குறைந்தது. தமிழில் குறிப்பு எழுதத் தயங்கியவர்களுக்கு இது நல்ல செய்தி. தமிழில் பதில் வேண்டுமென்றால் குறிப்பையும் தமிழிலேயே எழுதலாம் என்பதே என் பரிந்துரை.

இருந்தாலும் நீண்ட உரையாடலில் நடுவே சொன்ன விதிகளின் பிடி தளரும். நீளமான எழுத்துத் தொடரின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள செய்திகளை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் கிடப்பதை அடிக்கடி தவறவிடுகின்றன என்று 2023-இல் ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாதிரிகள் அதற்குப்பின் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் ஒரே உரையாடலில் காலைமுதல் மாலைவரை பேசிக்கொண்டே போவது நல்ல பழக்கம் இல்லை. பாடம் மாறினால் புது உரையாடல் தொடங்குங்கள். மிக முக்கியமான விதி ஒன்று இருந்தால் கேள்வியின் கடைசியில் மறுபடியும் ஒரு வரி எழுதுங்கள்.

நாமே எழுதும் குறிப்பு ஒரு வகை. சாட்பாட் நம்மைப் பற்றித் தானாக எழுதிக்கொள்ளும் குறிப்பு இன்னொரு வகை. சாட்ஜிபிடி 2024 பிப்ரவரியில் இந்த நினைவு வசதியை அறிவித்தது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் முழுவதிலிருந்தும் செய்தி எடுக்கும்படி அது விரிவாக்கப்பட்டது. இங்கேயும் அளவுருக்கள் மாறுவதில்லை. பேச்சினிடையே ‘இது பின்னால் உதவும்’ என்று தோன்றுவதை இயந்திரம் சிறு வாக்கியமாக எழுதிச் சேமிக்கிறது. பட்டியல் சிறியதாக இருந்தால் முழுவதையும் கேள்விக்கு முன்னால் ஒட்டலாம். பெரிதானால், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றிவைப்பது வழக்கமான முறை. பொருள் நெருங்கிய வாக்கியங்களின் எண்வரிசைகளும் நெருங்கி இருக்கும். ‘பெரியவளுக்குப் பரீட்சை வருகிறது’ என்று நீங்கள் எழுதினால், ‘மூத்த மகள் பத்தாம் வகுப்பு’ என்ற பழைய குறிப்பு, சொல் ஒன்றுகூடப் பொருந்தாவிட்டாலும், பக்கத்தில் வந்து நிற்கும். அதை எடுத்துக் கேள்வியோடு சேர்ப்பார்கள்.

வசதியானதுதான். ஆனால் இந்தக் குறிப்பை எழுதுவது நீங்கள் இல்லை. அம்மாவின் சர்க்கரை நோய்க்கு உணவுப் பட்டியல் கேட்டிருப்பீர்கள். சர்க்கரை நோய் உங்களுக்கு என்று பதிந்துவிட வாய்ப்புண்டு. அதற்குப்பின் நீங்கள் பொங்கல் செய்முறை கேட்டாலும் வெல்லத்தைக் குறைக்கச் சொல்லும். காரணம் உங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்தும் ஆபத்து உண்டு. சாட்பாட்டைப் படிக்கச் சொல்லி நீங்கள் கொடுக்கும் இணையப் பக்கத்திலோ ஆவணத்திலோ மறைவாகக் கட்டளை எழுதிவைத்து, அதன் நினைவுப் பட்டியலில் பொய்க் குறிப்பை நுழைக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2024-இல் செய்துகாட்டினார்கள். நினைவுப் பட்டியலை அமைப்புகளில் திறந்து பார்க்கலாம், ஒவ்வொரு வரியாக அழிக்கலாம். வரவுசெலவு நோட்டைச் சரிபார்க்கிற அக்கறையோடு அதைப் பார்க்கவேண்டும். பதியவே கூடாத பேச்சுக்குத் தற்காலிக உரையாடல் என்ற வசதி இருக்கிறது.

குறிப்போடு நிற்காமல் மாதிரியையே மேலும் பழக்கும் வழியும் இல்லாமல் இல்லை. 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் லோரா என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். மாதிரியின் பழைய எண்களைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறு எண்தொகுப்பைச் சேர்த்து அதை மட்டும் பழக்குவது. பழக்கவேண்டிய எண்கள் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். லாமா, ஜெம்மா போன்ற, யாரும் பதிவிறக்கக்கூடிய மாதிரிகளில் இதைச் செய்கிறார்கள். ஒரு பதிப்பகமோ பல்கலைக்கழகமோ செய்யவேண்டிய வேலை இது. தனி ஆளுக்கு நூறில் தொண்ணூறு தேவைகளை நல்ல முன்குறிப்பே நிறைவேற்றிவிடும் என்று நான் கருதுகிறேன்.

இப்போது அந்த ஆசிரியையின் கடைசி வரிக்கு வருகிறேன்: ‘நான் சொன்னதில் பிழை இருந்தால் முதல் வரியிலேயே சொல்.’ இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மனிதர்களின் பாராட்டைக் கொண்டு பழக்கப்பட்ட இயந்திரத்துக்கு, பாராட்டுப் பெறும் குறுக்குவழியும் பழகிவிடுகிறது. கேட்பவருக்கு ஆமாம் சாமி போடுவதே அந்தக் குறுக்குவழி. ஆந்த்ரோபிக் நிறுவன ஆய்வாளர்கள் 2023 அக்டோபரில் ஐந்து முன்னணிச் சாட்பாட்களைச் சோதித்து வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு வாதத்தைக் கொடுத்து ‘இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது’ என்றால் விமர்சனம் இனிக்கிறது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்றால் அதே வாதத்தில் ஓட்டைகள் தெரிகின்றன. சரியான விடையைச் சொன்ன பிறகும், ‘அப்படித் தோன்றவில்லையே, உறுதியாகத் தெரியுமா?’ என்று கேட்டால் போதும். பல நேரம் மன்னிப்புக் கேட்டு, தவறான விடைக்கு மாறிவிடுகிறது. பயிற்சியில் மதிப்பெண் போடும் மனிதர்களே சில நேரம் உண்மையான பதிலைவிடத் தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் பதிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று.

ஒன்றரை ஆண்டு கழித்து இது உலகமே பார்க்கும்படி நடந்தது. 2025 ஏப்ரல் 25 அன்று ஓபன்ஏஐ ஜிபிடி-4ஓ மாதிரியின் புதிய வடிவத்தை வெளியிட்டது. அது எதைக் கேட்டாலும் புகழ்ந்தது. அரைவேக்காட்டுத் திட்டங்களுக்கும் கைதட்டியது. மருந்தை நிறுத்திவிட்டேன் என்றவருக்குப் பாராட்டுச் சொன்ன திரைப்பிடிப்புகள்கூடப் பரவின. மூன்றே நாளில் நிறுவனம் அதைத் திரும்பப் பெறத் தொடங்கியது. பின்னர் வெளியிட்ட விளக்கத்தில், பயனர்கள் பதிலுக்கு இடும் கட்டைவிரல் குறிகளைப் பயிற்சியில் கூடுதல் பரிசுக் குறியீடாகச் சேர்த்தது, முகத்துதியைத் தடுத்துவைத்திருந்த பழைய குறியீட்டின் வலிமையைக் குறைத்துவிட்டது என்று அது சொன்னது. சில வேளைகளில் பயனரைப் பற்றிய நினைவு வசதியே முகத்துதியைக் கூட்டுகிறது என்றும் அதே விளக்கத்தில் ஒப்புக்கொண்டது.

அந்தக் கடைசிச் செய்தியைப் போகிறபோக்கில் விட்டுவிடக் கூடாது. உங்களை நன்றாக அறிந்த இயந்திரத்துக்கு உங்களுக்கு எது இனிக்கும் என்பதும் தெரியும். உங்கள் அரசியல், உங்கள் நம்பிக்கை, எந்த மருத்துவமுறை பிடிக்கும், எந்த உறவினரோடு மனத்தாங்கல் எல்லாம் குறிப்பில் இருந்தால், கணிப்பு அந்தப் பக்கமே சாயும். வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நம் கருத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். எனவே குறிப்பில் தொழில், வாசகர், சொற்பட்டியல், வடிவம், மொழிநடை ஆகியவை இருக்கட்டும். கருத்துகள் வேண்டாம். நீங்கள் எழுதிய கட்டுரையைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது, ‘ஒருவர் இதை அனுப்பியிருக்கிறார், இதில் பலவீனமான இடங்கள் எவை?’ என்று கேளுங்கள். உங்களுடையது என்று தெரியாதபோது கிடைக்கும் விமர்சனம் நேர்மைக்கு நெருக்கமானது. பணம், உடல்நலம், சட்டம் போன்ற பெரிய முடிவு என்றால் தற்காலிக உரையாடலில், எந்தக் குறிப்பும் இல்லாமல், அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டு இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே மாறுகிறது என்பதே பல செய்திகளைச் சொல்லும்.

பெயரும் ஒரு செய்திதான். பயனரின் பெயர் மட்டும் மாறினால் பதில் மாறுகிறதா என்று ஓபன்ஏஐ 2024 அக்டோபரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. பதிலின் தரத்தில் பொதுவாக வேறுபாடு இல்லை. வேறுபட்ட இடங்களில் தீங்கான முன்முடிவு கலந்தவை 1 சதவீதத்துக்கும் குறைவு என்பது அதன் முடிவு. ஆறுதல் தரும் எண்தான். ஆனால் நம் நாட்டுப் பெயர்கள் சாதியையும் மதத்தையும் சேர்த்துச் சுமப்பவை. இந்தியச் சாதி, மத முன்முடிவுகளை மொழி மாதிரிகளில் அளந்து பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு அவை இருப்பதைக் காட்டியிருக்கிறது. வேலைக்குத் தேவையில்லாத அடையாளத்தைக் குறிப்பில் எழுதவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பிறருடைய செய்திகளை எழுதவே கூடாது. ஆசிரியை தன் வகுப்பைப் பற்றி எழுதலாம். மாணவரின் பெயர், மதிப்பெண், வீட்டுச் சூழ்நிலை ஆகியவற்றை எழுதக்கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைக் கையாள 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கையில் உள்ள பெயர் ஆகியவற்றுக்கும் குறிப்பில் இடம் இல்லை. உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் அமைப்புகளில் எங்கோ ஒளிந்திருக்கும். தேடிப்பிடித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள். குறிப்பு வெறும் எழுத்து என்பதால் அதை எங்கும் கொண்டுபோகலாம். நிறுவனத்தின் பெட்டிக்குள் மட்டும் அதை விட்டுவைக்காமல் உங்கள் கணினியில் ஒரு கோப்பாகவும் வைத்திருங்கள். சாட்பாட் மாறினால் அந்தக் கோப்பை அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். பாடநூல் மாறினால் திருத்திக்கொள்ளலாம். ஆசிரியர்களாக இருந்தால் இன்னொரு படி மேலே போகலாம். உங்கள் பாடத்தின் கலைச்சொற்களை, அலகுகளோடு, வகுப்பு வாரியாகத் தொகுத்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அனுப்புங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு பக்கம் போதும். ஒரு மாலை நேர வேலை.